வாக்கும் பரிதானமும்: தஞ்சாவூர்த் தேர்தல் தரும் பாடம்

நமது திருமறையின் தமிழ் மொழிபெயர்ப்பில் 'பரிதானம்' என்னும் சொல் பல இடங்களில் வருகிறது. அன்றாட வழக்கில் லஞ்சம், கையூட்டு என்பன அதன் இடத்தைப் பெற்றுவிட்டன. தேர்தல் நாள் நெருங்கும்போது வாக்காளரின் வீட்டு வாசலுக்கு வரும் பணத்தைப் பரிதானம் என்பதா, அன்பளிப்பு என்பதா, 'நம்மிடமிருந்து எடுத்த பணம் நமக்கே திரும்புகிறது' என்பதா என்னும் வினா நம் சபைகளில் தேர்தல்தோறும் எழுகின்றது. காவிரிப் படுகையில் ஊழியம் செய்யும் ஆயர் எவரும் இவ்வினாவை எதிர்கொள்ளாமல் இருந்திரார்.

இவ்வினாவுக்கு விடையளிக்கு முன் தேர்தலில் பணம் எவ்வழியாக வருகிறது, சட்டம் அதை எங்கே தடுக்கிறது, எங்கே தடுக்காது விடுகிறது என்பவற்றை நாம் அறிதல் வேண்டும். அறியாமல் கூறும் அறிவுரை, பெரும்பாலும் எளியவரைக் கடிந்துகொள்வதோடு நின்றுவிடும். இக்கட்டுரை அவ்வறிவுக்கு உதவும் நோக்குடன் எழுதப்படுவது. எக்கட்சியையும் சார்ந்தோ எதிர்த்தோ எழுதப்படுவதன்று.

1. தஞ்சாவூரில் நிகழ்ந்தது

2016-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் நாள் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்குப் பொதுத்தேர்தல் நடைபெற்றது. மொத்தத் தொகுதிகள் 234. ஆயின் அன்று வாக்குப்பதிவு நடைபெற்றவை 232 மட்டுமே. தஞ்சாவூர், கரூர் மாவட்டத்து அரவக்குறிச்சி ஆகிய இரண்டிலும் வாக்காளர்களுக்குப் பணமும் பொருளும் வழங்கப்பட்டன என்னும் அறிக்கைகளின்பேரில் தேர்தல் ஆணையம் வாக்குப்பதிவைத் தள்ளிவைத்தது. முதலில் மே 23 என்றும், பின்னர் ஜூன் 13 என்றும் நாள் குறிக்கப்பட்டது. இதற்கிடையில் மற்றைய தொகுதிகளின் முடிவுகள் வெளியாகிப் புதிய அரசும் அமைந்துவிட்டது. மாநிலங்களவைத் தேர்தலில் இவ்விரு தொகுதி உறுப்பினர்களும் வாக்களிக்க ஏதுவாகத் தேர்தலை முன்னதாக நடத்தலாம் என்னும் ஆளுநரின் கருத்தையும் ஆணையம் ஏற்கவில்லை. மே மாத இறுதியில், தள்ளிவைப்பதும் போதாது எனக் கண்டு, அவ்விரு தொகுதிகளின் தேர்தல் அறிவிக்கையையே திரும்பப் பெற்றது.

இங்குச் சட்டம் பயில்வோர் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. வாக்குச்சாவடியைப் பலவந்தமாகக் கைப்பற்றினால் தேர்தலை நீக்கம் செய்ய 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 58-ஏ என்னும் பிரிவு இருக்கிறது. பணத்தால் தேர்தல் கெடுக்கப்பட்டால் அதை நீக்கம் செய்ய அத்தகைய பிரிவு இல்லை. ஆகவே ஆணையம், தேர்தல்களை மேற்பார்வையிடும் பொது அதிகாரத்தை வழங்கும் அரசியலமைப்பின் 324-ஆம் கூற்றைக்கொண்டே செயற்பட்டது. பணப் பட்டுவாடாவையும் உள்ளடக்கும் புதிய பிரிவொன்றைச் சேர்க்குமாறு பின்னர் மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது, அது ஏற்கப்படவில்லை. தடி கொண்டு கைப்பற்றுவதைக் கண்ட சட்டம், பணங்கொண்டு கைப்பற்றுவதை அதே கண்ணால் காணவில்லை எனலாம்.

புதிய தேர்தல் அவ்வாண்டு நவம்பர் 19-ஆம் நாள் நடைபெற்றது. 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாவென அறிவிக்கப்பட்டது நவம்பர் 8-ஆம் நாள். பதினொரு நாட்களே கழிந்திருந்தன. அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. அடுத்த ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையென அரசு அறிவிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. இத்தகைய நாட்களில் தஞ்சை மக்கள் வாக்களித்தனர். மே மாதத்தில் நின்ற அதே வேட்பாளர்களையே இரு பெருங்கட்சிகளும் மீண்டும் நிறுத்தியிருந்தன. அதற்குச் சட்டத்தில் தடையேதும் இல்லை. ஆணையத்தின் உத்தரவு தேர்தற் சூழலைப் பற்றியதேயன்றி, எந்த வேட்பாளரையும் குற்றவாளியெனத் தீர்த்ததன்று. நாமும் எவரையும் தீர்க்க முற்படவில்லை.

இது தஞ்சையோடு முடிந்ததுமன்று. 2017 ஏப்ரலில் சென்னை இராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தலும், 2019 ஏப்ரலில் வேலூர் மக்களவைத் தொகுதித் தேர்தலும் இதே காரணத்தால் நீக்கம் செய்யப்பட்டுப் பின்னரே நடைபெற்றன.

2. சட்டம் காவல் நிற்கும் இடம்

வாக்குக்குப் பணம் கொடுப்பது குற்றம் என்பதை யாவரும் அறிவர். பெறுவதும் குற்றம் என்பதைப் பலர் அறியார். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 171-இ பிரிவும், 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் இருவருக்குமே ஓராண்டு வரை சிறைத்தண்டனையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கின்றன. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு இதனை ஊழற் செய்கையென வகைப்படுத்துகிறது. இதைக் காட்டி வெற்றி பெற்றவரின் தேர்தலைச் செல்லாததாக்க வேண்டுமாயின், முடிவு வெளியான 45 நாட்களுக்குள் உயர்நீதிமன்றத்தில் மனுச் செய்யவேண்டும். பணத்தைக் கொடுத்தவர் வேட்பாளரோ அவருடைய முகவரோ, அல்லது அவர்களின் இசைவுபெற்ற ஒருவரோ என்று மெய்ப்பிக்கவும் வேண்டும். இரவில், பெயர் கூறாத ஒருவர் கொண்டுவந்து தரும் பணத்துக்கு இம்மெய்ப்பு எளிதில் கிட்டுவதில்லை.

அடுத்து, வேட்பாளரின் செலவுக்கு வரம்பு உண்டு. 2016-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்ற வேட்பாளருக்கு அது 28 லட்சம் ரூபாய். 2022-இல் அது 40 லட்சமாகவும், மக்களவை வேட்பாளருக்கு 95 லட்சமாகவும் உயர்த்தப்பட்டது. முடிவு வெளியான 30 நாட்களுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் கணக்கை ஒப்படைக்கவேண்டும். தக்க காரணமின்றித் தவறினால் மூன்றாண்டுகள் தேர்தலில் நிற்கும் தகுதியை இழப்பார்.

இந்த வரம்பின் பொருளைச் சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். தஞ்சாவூர்த் தொகுதியில் அன்று வாக்காளர் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டோர். 28 லட்சத்தை இரண்டரை லட்சத்தால் வகுத்தால் ஆளுக்குப் பதினொரு ரூபாய் அளவே வரும். இவ்வாக்காளரில் பாதிப்பேருக்கு ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் கொடுக்க ஒருவர் எண்ணுவாராயின், அவருக்கு ஆறேகால் கோடி ரூபாய் தேவை. அது சட்ட வரம்பைப்போல் இருபத்திரண்டு மடங்கு. இத்தொகை எக்கணக்கிலும் எழுதப்படாது. எழுதப்படாத செலவுக்கு எழுதப்படாத வரவு வேண்டும். அதைத் தந்தவர் தேர்தலுக்குப் பின் அதைத் திரும்பப் பெறும் வழியைத் தேடுவார். ஒப்பந்தமாகவோ, உரிமமாகவோ, பணி நியமனமாகவோ, மணற்குவாரியாகவோ அது திரும்பலாம். வாக்காளர் பெற்ற ஐந்நூறு ரூபாய், ஐந்தாண்டுக் காலத்துக்கு வகுத்தால் மூன்றரை நாளுக்கு ஒரு ரூபாய் என்ற வீதத்தில் நிற்கும்.

3. சட்டம் காவல் நில்லாத இடம்

வேட்பாளருக்கு வரம்பு விதித்த சட்டம், கட்சியின் பொதுச் செலவுக்கு இன்றுவரை வரம்பு விதிக்கவில்லை. 1974-இல் கன்வர்லால் குப்தா வழக்கில் உச்சநீதிமன்றம், வேட்பாளரின் பொருட்டுக் கட்சி அவர் அறியச் செய்யும் செலவும் அவர் கணக்கிலேயே சேரும் என்று தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அத்தீர்ப்பைப் பயனற்றதாக்கிற்று. 2003-இல் இவ்விலக்கு ஓரளவு குறுக்கப்பட்டு, முதன்மைப் பேச்சாளர்களின் பயணச் செலவு போன்றவற்றோடு நிறுத்தப்பட்டது. எனினும் ஒரு தனி வேட்பாளரைச் சுட்டாமல் கட்சி தன் பெயரால் செய்யும் விளம்பரமும் பிரசாரமும் வரம்பிற்கு அப்பாற்பட்டனவாகவே நிற்கின்றன.

கட்சிக்கு வரும் பணத்தின் வரலாறும் அறியத்தக்கது. நிறுவனங்கள் கட்சிகளுக்கு நன்கொடை அளிப்பது 1969-இல் தடைசெய்யப்பட்டது. 1985-இல் அது மீண்டும் அனுமதிக்கப்பட்டு, சராசரி நிகர இலாபத்தில் நூற்றுக்கு ஐந்து என்னும் வரம்பு விதிக்கப்பட்டது. 2013-இல் அது ஏழரையாயிற்று. 2017-இல் வரம்பே நீக்கப்பட்டது. 2018-இல் தேர்தல் பத்திரம் என்னும் முறை வந்தது. பாரத ஸ்டேட் வங்கியில் ஆயிரம் ரூபாய் முதல் ஒரு கோடி வரையான பத்திரங்களை வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கலாம். கொடுத்தவர் பெயரை மக்கள் அறிய இயலாது. 2024 பிப்ரவரி 15-ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக இம்முறையை அரசியலமைப்புக்கு முரணானதெனத் தள்ளினர். யாரிடமிருந்து கட்சி பணம் பெறுகிறது என்பதை அறிவது வாக்காளரின் உரிமை என்பதே அத்தீர்ப்பின் சாரம். இலாப வரம்பை நீக்கிய திருத்தமும் உடன் வீழ்ந்தது.

அதன்பின் வெளியிடப்பட்ட பட்டியலில், 2019 ஏப்ரல் முதல் 12,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பத்திரங்கள் பணமாக்கப்பட்டது தெரியவந்தது. அவற்றை மிகுதியாக வாங்கிய நிறுவனம் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஒரு லாட்டரி நிறுவனம். அது வாங்கியது 1,300 கோடிக்கு மேல். தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனை 2003-இல் தடைசெய்யப்பட்டது. வேறு சில மாநிலங்களில் அது நடைபெறுகிறது. லாட்டரிச் சீட்டை வாங்குவோர் பெரும்பாலும் கூலி வேலை செய்வோர் என்பதை நாம் எண்ணிப்பார்த்தல் வேண்டும். அப்பத்திரங்கள் அன்றைய சட்டம் அனுமதித்தவையே. ஆயினும் பெருநிதி எங்கிருந்து திரள்கிறது என்பதற்கு இது ஒரு சான்று.

காவிரிப் படுகையில் வாழ்வோருக்கு இதனை விளக்குவது எளிது. மேட்டூரில் திறக்கும் நீர் கல்லணையில் பிரிந்து, ஆறுகளாகவும் கிளை வாய்க்கால்களாகவும் ஓடிக் கடைமடைக்கு வந்து சேர்கிறது. கடைமடை வயலின் மடையருகே மட்டும் நின்று நீரின் கணக்கை எழுத முடியாது. தலைமதகில் எவ்வளவு திறக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். தேர்தற் பணத்திலோ பறக்கும் படைகளும் சோதனைச் சாவடிகளும் கடைமடையில் நிற்கின்றன; தலைமதகில் நெடுங்காலம் காவலர் எவரும் இல்லை.

4. அமெரிக்க நாட்டின் வழி

இவ்விடர் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முறையோடு ஒப்பிட்டால் நம்முடைய முறை மேலும் தெளிவாகும்.

அங்கே 1907-இலேயே, கூட்டாட்சித் தேர்தல்களில் நிறுவனங்கள் வேட்பாளருக்கு நேரே பணம் கொடுப்பது தடைசெய்யப்பட்டது. 1971-இல் இயற்றி 1974-இல் திருத்திய சட்டம், தனி மனிதர் கொடுக்கும் தொகைக்கும் வேட்பாளர் செய்யும் செலவுக்கும் வரம்பு விதித்தது. 1976-இல் பக்லி வழக்கில் அந்நாட்டு உச்சநீதிமன்றம், கொடுப்பதற்கு விதித்த வரம்பை ஏற்று, செலவழிப்பதற்கு விதித்த வரம்பைத் தள்ளியது. கருத்தைப் பரப்புவதற்குப் பணம் தேவையாதலால், செலவைக் குறைப்பது பேச்சுரிமையைக் குறைப்பதாகும் என்பது அதன் வாதம். 2010-இல் சிட்டிசன்ஸ் யுனைட்டெட் வழக்கில், வேட்பாளரைச் சாராமல் தனித்துச் செலவிடும் உரிமை நிறுவனங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் உண்டு என்று தீர்ப்பாயிற்று. அதன் விளைவாகவே வரம்பின்றித் திரட்டி வரம்பின்றிச் செலவிடும் குழுக்கள் தோன்றின.

ஆக, அங்கே கொடுப்பவருக்கு வரம்பு உண்டு. செலவிடும் வேட்பாளருக்கு இல்லை. 2025-26 தேர்தற் சுற்றில் ஒருவர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலில் 3,500 டாலருக்கு மேல் கொடுத்தல் ஆகாது. இங்கே வேட்பாளரின் செலவுக்கு வரம்பு உண்டு. கட்சிக்குக் கொடுக்கும் தனி மனிதருக்கு மொத்த வரம்பு இல்லை. இரு நாடுகளிலும் பணம் வரம்பில்லாத பக்கத்தையே நாடிச் செல்கிறது. ஆயினும் ஒரு வேறுபாடு குறிப்பிடத்தக்கது. அங்கே வேட்பாளருக்கு 200 டாலருக்கு மேல் கொடுத்தவரின் பெயரும் தொழிலும் எவரும் காணும்படி வெளியிடப்படுகின்றன.

அங்கும் ஒருகாலத்தில் வாக்குகள் வெளிப்படையாக விலை பேசப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்சிகளே வாக்குச்சீட்டை வண்ணத்தாளில் அச்சிட்டுக் கொடுத்தன. வாக்காளர் எதைப் பெட்டியில் இடுகிறார் என்பதை விலை கொடுத்தவர் கண்ணாரக் காணலாம். ஆஸ்திரேலியாவில் 1856-இல் தோன்றிய இரகசிய வாக்குச்சீட்டு முறையை 1888-இல் மாசசூசெட்ஸ் மாநிலமும், அதைத் தொடர்ந்து மற்றைய மாநிலங்களும் ஏற்றபின் அவ்வாணிகம் நலிந்தது. வாங்கிய பொருள் கைக்கு வந்ததா என்று அறிய இயலாத இடத்தில் வாணிகம் நிலைப்பதில்லை.

5. இரகசியம் இருந்தும் பணம் ஏன்?

அவ்வாறாயின், இரகசிய வாக்குமுறை நிலவும் நம் நாட்டில் இது ஏன் தழைக்கிறது? மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, தனி மனிதரின் வாக்கு இரகசியமாயினும் தெருவின் வாக்கு இரகசியமன்று. வாக்குச்சீட்டு இருந்த காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண விதி இடம் தந்தது. மின்னணு இயந்திரம் வந்தபின் முடிவுகள் சாவடி வாரியாகவே வெளியாகின்றன. எனவே எந்தத் தெருவும் எந்தச் சேரியும் எப்பக்கம் சாய்ந்தன என்பதைக் கட்சியின் கிளைச் செயலாளர் எளிதில் கணிக்கிறார். பல இயந்திரங்களின் எண்ணிக்கையைச் சேர்த்துக் காட்டும் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-இல் முன்மொழிந்தது. சட்ட ஆணையம் 2015-இல் தன் 255-ஆம் அறிக்கையில் அதனைப் பரிந்துரைத்தது. அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

இரண்டாவது, காலம். தமிழ்நாட்டில் பொதுத்தேர்தல்கள் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் வருகின்றன. படுகையில் அப்போது சம்பா, தாளடி அறுவடை முடிந்து, உளுந்தும் பயறும் எடுத்தபின் பல வயல்கள் வெறுமையாய்க் கிடக்கும். மேட்டூர் அணை திறக்க மரபாகக் குறித்த நாள் ஜூன் 12. அதுவரை விவசாயக் கூலிக்கு வயலில் வேலை அரிது. கை வறண்டிருக்கும் அந்த நாட்களில்தான் பணம் வாசலுக்கு வருகிறது.

மூன்றாவது, மனநிலை. பணம் பெற்றவர் எல்லாரும் அதன்படி வாக்களிப்பதில்லை என்பதைக் கட்சிகளும் அறியும். எனினும் எதிர்ப்பக்கம் கொடுக்கையில் தாம் கொடாதிருக்க அவை அஞ்சுகின்றன. மறுப்பவரைத் தெருவார் 'எதிர்க்கட்சிக்காரர்' என எண்ணுவர். நாளை சாதிச் சான்றிதழுக்கோ முதியோர் உதவித்தொகைக்கோ அந்தக் கிளைச் செயலாளரையே நாடவேண்டியிருக்கும். ஆகவே பெறுவதிலும் அச்சம் உண்டு, மறுப்பதிலும் அச்சம் உண்டு.

அரசு வழங்கும் இலவசப் பொருள்களும் இதுவும் ஒன்றா என்று சிலர் கேட்பர். 2013-இல் சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் உச்சநீதிமன்றம், தேர்தல் அறிக்கையில் தரும் வாக்குறுதி ஊழற் செய்கை ஆகாது என்று கூறியது. எனினும் அத்தகைய வாக்குறுதிகள் தேர்தலின் தூய்மையைப் பாதிக்கின்றன என்பதையும் சுட்டி, நெறிமுறை வகுக்குமாறு ஆணையத்தைப் பணித்தது. வாக்குறுதி வெளிப்படையாகச் சொல்லப்படுவது. வாக்களித்தவர், வாக்களியாதவர் இருவருக்கும் உரியது. சட்டமன்றத்தின் ஒப்புதலோடு கருவூலத்திலிருந்து செலவாவது. இரவில் வரும் பணத்துக்கு இம்மூன்றும் இல்லை.

6. ஆயரின் கடமை

பரிதானத்தைப் பற்றிய மோசேயின் கட்டளைகளை யாத்திராகமம் 23-ஆம் அதிகாரத்திலும் உபாகமம் 16-ஆம் அதிகாரத்திலும் காண்கிறோம். அவை நியாயம் விசாரிப்பவரைக் குறித்துச் சொல்லப்பட்டவை. வாக்காளர் சாவடிக்குள் நிற்கும் அந்தச் சில நொடிகளில் நியாயம் விசாரிப்பவராகவே நிற்கிறார். ஆகவே வாக்குக்குப் பணம் பெறலாகாது என்பதை ஐயமின்றிக் கூறவேண்டும். அதே வேளையில் ஆமோஸ் 5-ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசி பரிதானத்தைக் கண்டிக்கையில் அவர் நோக்குவது வலியோரை. வழக்கில் தள்ளப்படுவோர் எளியோர். நம் பிரசங்கமோ பலவேளைகளில் பெற்ற ஐந்நூறு ரூபாயைக் கண்டித்து, கொடுத்த ஆறு கோடியைப் பற்றி வாய் திறவாதிருக்கிறது. முன் வரிசையில் அமர்ந்திருப்பவர் கொடுத்த பக்கத்தைச் சார்ந்தவராயிருத்தல் கூடும்.

நாம் செய்யக்கூடியவை சில உள. வாக்கு இரகசியமானது, தனி ஒருவர் யாருக்கு வாக்களித்தார் என்பதை எவரும் அறிய இயலாது என்பதைச் சபையாருக்கு விளக்கலாம். அச்சத்தால் பெற்றுவிட்டவர்க்கு, அப்பணம் அவர் மனச்சாட்சியைக் கட்டாது, சுயாதீனமாக வாக்களிக்கலாம் என்று எடுத்துரைக்கலாம். எவரையும் ஏற்க இயலாதவர்க்கு 2013 முதல் 'நோட்டா' என்னும் பொத்தான் இருக்கிறது எனத் தெரிவிக்கலாம். ஆலய வளாகத்தையும் ஆராதனை வேளையையும் எக்கட்சியின் பிரசாரத்துக்கும் இடங்கொடாது காக்கலாம். வேட்பாளர் ஆலயத் திருப்பணிக்கென்று தேர்தல் காலத்தில் தரும் காணிக்கையை ஏற்க மறுக்கலாம். இது நமக்குக் கடினமானது. மதிற்சுவருக்குத் தொகை வாங்கிய ஆயர், வீட்டு வாசலில் தொகை வாங்கிய கூலித் தொழிலாளியைக் கடிந்துகொள்ளும் தகுதியை இழக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. நம் திருச்சபைகளிலும் தேர்தல்கள் நடைபெறுகின்றன. அவற்றிலும் விருந்தும் வாகனமும் பணமும் புகுந்துள்ளன என்பதை நாம் மறைப்பதற்கில்லை. இதற்கு ஒரு பழைய வழிகாட்டுதல் சோழ நாட்டு வரலாற்றிலேயே கிடைக்கிறது. தஞ்சையை ஆண்ட சோழருள் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில், உத்திரமேரூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. அது பிராமணர் ஊரின் சபை. நிலமுடையோரே அதில் இடம்பெறலாம், உழைப்போருக்கு இடமில்லை. அதை நாம் மக்களாட்சியெனக் கொண்டாட இயலாது. எனினும் அதில் ஒரு விதி இருந்தது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் ஓலையில் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர். அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டப்பட்ட இவ்விதியை நம் சபைச் சங்கத் தேர்தல்களில் ஏற்பதற்கு எந்த நாடாளுமன்றத்தின் ஒப்புதலும் தேவையில்லை. தேர்தலில் நிற்போர் யாவரும் தாம் செலவிட்ட தொகையையும், அதைத் தந்தவர் பெயரையும் எழுதி ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டவேண்டும் என்று ஒரு சபை தீர்மானித்தால் போதும். அடுத்த சட்டமன்றத் தேர்தலில் அந்தச் சபையின் ஆயர் பரிதானத்தைக் குறித்துப் பேசும்போது, கேட்போர் அதை வேறுவிதமாகக் கேட்பர்.